புஞ்சைக்கு வந்த கண்மாய் நத்தை

மண்ணைச் சோதிக்கிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த வேலை கையோடு ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் தட்டு நிறையக் கேசரி வைத்தார்கள். பெண்ணின் அப்பா என் பூர்வீகத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். நான் பாட்டுக்கு ஒரு விள்ளலை எடுத்து, உள்ளங்கையில் போட்டு, மெல்லிய திரியாக உருட்டிக்கொண்டிருந்தேன். திரி விரிசல் விடாமல் நீண்டது. "நல்ல குழைவு!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பெண்ணின் அம்மா அதைக் கேசரிக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டதால் எனக்குக் கல்யாணம் நடந்தது. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. கையை அடக்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்துவிட்டு வந்ததை நான் திரும்ப ஓதப் போவதில்லை. மண்ணைப் பார்த்து நாம் கேட்பது இரண்டே கேள்விதான். உன் துகள் எவ்வளவு பெரிது? சரளையா, மணலா, அதற்கும் கீழே மாவா? இதற்குச் சல்லடை பதில் சொல்லும். அடுத்தது, அந்த மாவு நனைந்தால் எப்படி நடந்துகொள்ளும்? இங்கேதான் சல்லடை கையை விரித்துவிடும். வண்டல் மாவும் களி மாவும் ஒரே கண் வழியாக ஒன்றுபோல இறங்கிப் போகும். தண்ணீர் விட்டு உருட்டினால்தான் இரண்டின் குணமும் தெரியும். களி திரியாக நீளும். வண்டல் பொலபொலவென்று உதிரும். இந்த இரண்டு பதிலையும் சேர்த்து வைத்து, இது இன்ன இனம் என்று மண்ணுக்கு ஒரு பெயர் வைக்கிறோம். அவ்வளவுதான் நம் வித்தை.

ஆனால் இரண்டு கேள்விக்கும் மண் உண்மையே சொல்லியும், நான் பொய்யான பெயர் வைத்த கதை ஒன்று உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு துள்ளுகிறது.

யுத்த காலம், நாற்பதுகளின் தொடக்கம். வாடிப்பட்டிக்கு மேற்கே வெட்டவெளியில் விமானம் இறங்குவதற்குத் தற்காலிகமாக ஒரு திடல் போட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். போடுவதற்குத் தார் கிடையாது. கல்லை உடைத்துக் கொட்ட நேரம் கிடையாது. நல்ல மண்ணைப் பரப்பி, நனைத்து, உருளையால் அழுத்தி, அதன் மேலேயே விமானம் ஓட வேண்டும். நல்ல மண் என்றால் சரளையும் மணலும் பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்க வேண்டும், அவற்றைக் கட்டிப் பிடிக்க அளவாகக் களியும் இருக்க வேண்டும். களி இல்லையென்றால் சக்கரம் பட்டதும் சிதறிவிடும். கூடிப்போனால் மழையில் அல்வா ஆகிவிடும்.

என் மேலதிகாரி ஒரு வெள்ளைக்கார மேஜர். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொல்: 'சீக்கிரம்', 'தண்ணி', 'போ'. மூன்றையும் என்மேல்தான் பழகிக்கொண்டிருந்தார். மண் ஏற்றும் கான்ட்ராக்ட் காதர் ராவுத்தருக்கு. சிம்மக்கல்லில் நாற்பது மாட்டு வண்டியும் ஒரு கிழட்டு லாரியும் வைத்திருந்தவர். நான் பிறந்து வளர்ந்ததும் அதே தெருப்பக்கம் என்பதால் அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்ள. உத்தியோகத்தில் நான் இன்ஜினியர். ஆனால் கையில் சல்லடையோடு வெயிலில் நிற்கிறவனை இன்ஜினியர் என்று எந்த ஊர் ஒத்துக்கொள்ளும்? எல்லாருக்கும் நான் ஓவர்சியர்தான்.

சுற்றுவட்டாரத்தில் பார்த்த மண் எதுவும் சரிப்படவில்லை. திடலுக்குப் பக்கத்திலேயே செம்பொட்டல் என்று ஒரு புறம்போக்கு, கண்ணுக்கெட்டிய மட்டும் சரளை. அருமையான சரளை! ஆனால் களி என்பது மருந்துக்குக்கூட இல்லை. திரி உருட்டப் போனால் உள்ளங்கையில் மணல் மட்டும் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. பொட்டலை ஒட்டிய கண்மாயில் நேர் எதிர்ச்சங்கதி. களியைத் தவிர வேறொன்றும் இல்லை. மிச்சமிருந்தது மாயாண்டி என்பவரின் புஞ்சை.

மாயாண்டி அண்ணன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தச் செம்மண் புஞ்சையை, ஊர்ப்பேச்சில் செவல் காட்டை, உழுகிறது. மனைவி பேச்சியின் காதில் கிடந்த தண்டட்டியை விற்றுத்தான் அதில் ஒரு கிணறு வெட்டினார்கள். மண் நன்றாக இருந்துவிட்டால் அந்தக் காடு ஆள் ஆழத்துக்கு வெட்டப்பட்டுவிடும். பிறகு அங்கே உழ முடியாது, மீன்தான் வளர்க்கலாம். இது அவர்களுக்கும் தெரியும்.

நான் போய் இறங்கியதுமே மாயாண்டி அண்ணன் தன் மண்ணைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

"இது மண்ணே இல்லங்க ஓவர்சியரய்யா. தரித்திரம் புடிச்சது. எங்க அய்யா காலத்துலருந்து ஒரு மணி வெளஞ்சதில்ல."

அவர் முதுகுக்குப் பின்னால் சோளம் ஆள் உயரத்துக்கு நின்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப அது என்னண்ணே?"

அவர் திரும்பிப் பார்த்தார். "அது... சும்மா தட்டைங்க. மாட்டுக்கு."

நிலத்தை உழுகிற எந்தச் சம்சாரி தன் மண்ணைப் பழித்துப் பேசி நான் கேட்டிருக்கிறேன்? அந்த மனுசனுக்கு அது வாயில் வரவே இல்லை. ஒவ்வொரு வசவுக்கும் பிறகு காலால் மண்ணை மெல்லத் தடவிக் கொடுத்துக்கொண்டார்.

"அண்ணே, நான் நல்லதுன்னோ கெட்டதுன்னோ எழுதுறவன் இல்ல. மண்ணு என்ன சொல்லுதோ அதத்தான் எழுதுவேன்" என்றேன். அந்தக் காலத்தில் எனக்கு இப்படியெல்லாம் வசனம் பேசப் பிடிக்கும்.

"மண்ணு பேசுமாக்கும்?" என்றார் பேச்சி. "பேசுனா, எங்க பக்கம் பேசச் சொல்லுங்க."

சோதனைக் குழி வெட்டி, எடுத்த மண்ணைக் குழி ஓரத்தில் குவித்துவிட்டு வந்தோம். மாதிரி மண்ணைத் தன் கண்முன்னால்தான் பையில் கட்ட வேண்டும் என்பது மேஜரின் உத்தரவு. அவர் காலையில்தான் வருவார். ஆகவே இரவு முழுக்கக் குவியல் அங்கேயே கிடந்தது. மறுநாள் மேஜர் பார்க்க, குவியலைக் கலந்து, நாலாகப் பகுத்து, முறைப்படி எடுத்தோம். மாயாண்டி அண்ணனும் பேச்சியும் கைகட்டி நின்றார்கள். முகத்தில் என்னவோ ஒரு தெளிச்சி. சாமி கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாட்டுக்கொட்டகைதான் என் சோதனைச் சாலை. மண்ணைக் கழுவிச் சலித்தேன். சரளை அழகாகத் தங்கியது. மணல், பெரியது முதல் பொடி வரை, படிக்கட்டு மாதிரி வரிசையாக நின்றது. மேல் சல்லடையில் உளுந்து அளவில் மூன்று நத்தை ஓடுகள் கிடந்தன. அடடா என்று எடுத்து மேசையில் போட்டேன். பிறகு அடியில் இறங்கிய மாவைக் குழைத்து உருட்டினேன். திரி வந்தது! அதிகமும் நீளவில்லை, உடனே உதிரவும் இல்லை. எங்கே விரிய வேண்டுமோ அங்கே விரிந்தது. புத்தகத்தில் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்களே, அந்த மண்! இத்தனை வாரமாக நான் தேடிய மண்!

துள்ளிக் குதித்தேன். கொட்டகை உத்திரம் மண்டையில் இடித்தது. மண்டையைத் தேய்த்துக்கொண்டே ஓடிப் போய் மேஜரிடம் சொன்னேன். அவர் என் முதுகில் விட்ட அறையில் உத்திரம் இடித்த வலி மறந்துபோனது. "நாளைக் காலையிலேயே வெட்டு. சீக்கிரம்!" என்றார். ராவுத்தருக்கு ஆள் போயிற்று.

சாயங்காலம் மாயாண்டி அண்ணன் கொட்டகைக்கு வந்தார். புதுத் துண்டு, நெற்றியில் விபூதி. வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்கய்யா, நான் சொன்னது சரிதானே? மட்டமான மண்ணுதானே?"

எனக்கு இருந்த உற்சாகத்தில் எதிரே நிற்பவர் யார் என்பதே மறந்துபோயிற்று. "மட்டமா! அண்ணே, தங்கம்ணே! இந்த ஜில்லாவுலயே இம்புட்டு நல்ல மண்ண நான் பாத்ததில்ல!"

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. சுவரிலிருந்து கழற்ற மறந்த பழைய படம் மாதிரி. "எப்படிங்க?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார். தெருமுனையில் காத்திருந்த பேச்சியிடம் அவர் ஏதோ சொல்ல, அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

அப்போதுதான் என் உற்சாகம் கொஞ்சம் வற்றியது. வற்றினால்தான் அடியில் கிடப்பது தெரியும் என்பது கழுவிய தண்ணீரைப் பார்த்தபோது புரிந்தது. காலையில் மண் கழுவிய தொட்டி தெளிந்திருந்தது. அடியில் செவல் மணல். அதன்மேல் மெல்லிய ஏடு, கருஞ்சாம்பல் நிறம். செவல் காட்டின் மாவு செவலாக அல்லவா இருக்க வேண்டும்? சட்டென்று மேசையைப் பார்த்தேன். மூன்று நத்தை ஓடுகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீரில் கிடக்கும் கண்மாய் நத்தை. மேட்டுக்காட்டுப் புஞ்சையில் அதற்கு என்ன ஜோலி?

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் எங்கே நிற்கிறேன் என்று பாருங்கள். யாரோ குவியலில் கண்மாய்க் களியைக் கொட்டிக் கலந்திருக்கிறார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் விடிந்ததும் காடு போய்விடும். களியே இல்லாத மண் திடலுக்கு வரும். முதல் விமானத்தின் சக்கரத்தில் சரளை சிதறும். உள்ளே இருப்பவன் கதி? வாயைத் திறந்தால், யுத்த வேலையில் கைவைத்த குற்றம். மாயாண்டி அண்ணன் ஜெயிலுக்குப் போவார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டு தடவைதான் வாங்கிச் சாப்பிட்டேன்.

கோழி கூப்பிடும்போதே கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு புஞ்சைக்குப் போனேன். குவியலைத் தொடாமல், காட்டின் நடுவில் புதிதாக ஒரு குழி போட்டு மண் எடுத்தேன். செம்புத் தண்ணீரில் நனைத்து உருட்டினேன். திரி வரவில்லை. இன்னோர் இடத்தில் எடுத்தேன். வரவில்லை. மணல், சரளை, அவ்வளவுதான். பொட்டல் மண்ணின் உடன்பிறப்பு.

"என்னங்கய்யா, இம்புட்டு வெள்ளன?"

மாயாண்டி அண்ணன். பக்கத்தில் பேச்சி. இரண்டு பேரும் தூங்காத கண்ணோடு நின்றார்கள். நான் சட்டைப் பையிலிருந்து நத்தை ஓட்டை எடுத்து நீட்டினேன்.

"அண்ணே, இந்தக் காட்டுல தண்ணி நிக்குமா?"

"இங்க எங்கங்க நிக்கிறது? பெஞ்ச மழைய அன்னைக்கே குடிச்சிரும்."

"அப்ப இந்த நத்தை எப்படி வந்துச்சு? கண்மாயிலருந்து நடந்தா?"

அவர் பேச்சியைப் பார்த்தார். பேச்சி நத்தையைப் பார்த்தார்.

"நத்தைதானே," என்றார் பேச்சி. "மெதுவா வந்திருக்கும்."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! ஆனால் மாயாண்டி அண்ணன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "அய்யா, ஒன்னச் சொல்லிர்றேன்யா. நான்தான்..."

"நிறுத்துங்கண்ணே!" என்று கத்திவிட்டேன். "நீங்க சொன்னா நான் கேட்டவனாயிருவேன். கேட்டுட்டு மேஜர்ட்ட இல்லன்னு சொல்ல எனக்கு வராது. வாயத் தொறக்காதீங்க. நான் ஒரு பேச்சுக்குச் சொல்றேன், கேட்டுக்கங்க. எவனோ ஒருத்தன் இந்த மண்ணக் கெடுக்கணும்னு களியக் கொண்டாந்து கலந்திருக்கான். இந்த மண்ணுக்கு இருந்த ஒரே கொறை களி இல்லாததுதான். அந்தப் புண்ணியவான் அதைத் தலையில சொமந்துட்டு வந்து நேர் பண்ணிட்டான்."

பேச்சி மெல்லப் புருசன் பக்கம் திரும்பினார். "கேட்டியா? புண்ணியவானாம்."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மின்னல் வெட்டிய மாதிரி இருந்தது. நேர் பண்ணிவிட்டான்! களி இல்லாத சரளையை ஒருவன் களி போட்டு நேர் பண்ண முடிகிறது என்றால், இந்தக் காடு எதற்கு? பொட்டலில் மலைமலையாகச் சரளை கிடக்கிறது. திடலுக்கு அதுதான் பக்கம். ஒட்டினாற்போல் கண்மாய், தூர் வாருங்கள் என்று ஊரே மனுப் போட்டுக்கொண்டிருக்கிறது. மண் இப்படித்தான் என்று பெயர் வைத்து நல்லது கெட்டது பிரித்துக்கொண்டே இருந்தேனே தவிர, இரண்டு கெட்டதைக் கூட்டினால் என்ன வரும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. சீமையில் இப்படிக் கலந்து ரோடு போடுகிறார்கள் என்று படித்தவன்தான் நான். படித்தது மண்டையில் ஓர் அறையிலும் பார்த்தது இன்னோர் அறையிலும் கிடந்தன. நடுச்சுவரை நத்தை இடித்தது.

அதற்குள் மாட்டு மணிச் சத்தம். ராவுத்தரின் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. பின்னாலேயே மேஜரின் ஜீப்.

மேஜரிடம் போய் நின்றேன். "நேற்றைய மாதிரியில் வேறு மண் சேர்ந்திருக்கிறது. குவியல் இரவு முழுக்கத் திறந்து கிடந்தது. இந்தக் காட்டு மண்ணில் களி இல்லை" என்று சொல்லி, அவர் முன்னாலேயே வெட்டி, அவர் உள்ளங்கையிலேயே உருட்டிக் காட்டினேன். அவர் கையை உதறிக்கொண்டார்.

"நேற்று தங்கம், இன்று தகரமா? யார் சேர்த்தது?"

"என்னிடம் யாரும் சொல்லவில்லை." உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. சொல்ல வந்த வாயை நான்தானே அடைத்தேன்.

பிறகு பொட்டலையும் கண்மாயையும் காட்டி, மூச்சுவிடாமல் என் திட்டத்தைக் கொட்டினேன். அவர் சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் ஒரு துண்டுத் தரை போட்டுக் காட்டு, மண் ஏற்றிய லாரி அதன்மேல் ஓட வேண்டும் என்றார். ஓடாவிட்டால் நாளைக்கு இந்தக் காடுதான், அத்தோடு குவியலில் கை வைத்தவன் யார் என்று விசாரணையும் உண்டு. கடைசியாக என்னைப் பார்த்து, "சீக்கிரம்" என்றார். அப்புறம், "போ."

போனேன். ஓடினேன்! ராவுத்தர் வண்டிகள் பொட்டலில் சரளை அள்ளின. கண்மாயில் வெடித்துக் கிடந்த களிக் கட்டிகளை ஊர்ச் சனம் உடைத்துப் பொடியாக்கிச் சுமந்தது. மாயாண்டி அண்ணனும் பேச்சியும் எல்லாருக்கும் முன்னால். கல் உருளையை மாடுகள் இழுத்தன. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இங்கும் அங்கும் கத்தினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை, வேலை நன்றாக நடந்தது.

ஒரே ஒரு சங்கதிதான் எனக்குத் தெரியாது. எத்தனை சரளைக்கு எவ்வளவு களி? முறைப்படி கண்டுபிடிக்க மூன்று நாளாவது வேண்டும். கையில் இருப்பது ஒரு பகல். உற்சாகத்தில் இரண்டு கூடைக்கு ஒரு கூடை என்று போட்டுவிட்டேன். நனைத்து, உருட்டி, உச்சி வெயிலில் காயவிட்டு லாரியை ஏற்றினால், தரை சக்கரத்தோடு கிளம்பிக்கொண்டு போனது. அப்பம் அப்பமாக டயரில் ஒட்டிக்கொண்டு வந்தது.

லாரியிலிருந்து இறங்கிய ராவுத்தர் டயரைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏ மாப்ள, ரோடு போடச் சொன்னா லாரிக்குச் செருப்புத் தச்சுட்டியே!"

சிரிக்காதவர்கள் மூன்று பேர். நான், மாயாண்டி அண்ணன், மேஜர். மேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்க்கத்தான் பொழுது இருந்தது. அந்த அளவு யாருக்குத் தெரியும்? உலகத்திலேயே ஒரே ஓர் ஆளுக்குத் தெரியும். அந்த ஆள் வாயைத் திறந்தால் ஜெயில். மேஜரோ பத்தடி தள்ளி நிற்கிறார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, சும்மா ஒரு பேச்சுக்கு. ஒரு ஆளு ஒரு குவியல்ல களியக் கலக்குறான்னு வைங்க. எத்தனை கூடைக்கு ஒரு கூடை கலப்பான்?"

"எனக்கெப்படிங்க தெரியும்?" மாயாண்டி அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. "நான் என்ன அந்த ஆளா?"

"அட, ஒரு பேச்சுக்குத்தானே கேக்குறாக" என்றார் பேச்சி. அவரும் வானத்தையே பார்த்தார். "அந்த ஆளு ரெண்டுக்கு ஒன்னு போடணும்னுதான் நெனச்சிருப்பாரு. சோம்பேறி. நாலுக்கு ஒன்னு போட்டதுமே இடுப்பு வலிக்குதுன்னு உக்காந்திருப்பாரு."

"நான் எங்கடி உக்காந்தேன்?" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, "அந்த ஆளு எங்க உக்காந்தான்? கல்லு மாதிரி நின்னிருப்பான்!" என்றார்.

"உக்காந்தாரு. கட்டிய உடச்சுத் தூளாக்குனது பூரா அந்த ஆளு பொண்டாட்டியா இருக்கும்."

ராவுத்தர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "மாப்ள, எந்த ஆளப் பத்திப்பா பேசுறீங்க?"

"மாமா, நாலு வண்டி சரளைக்கு ஒரு வண்டி களி! போங்க மாமா, போங்க!"

நாலுக்கு ஒன்று. கலந்து குழைத்த ஒரு பிடியைக் கழுவி, அடி மாவை எடுத்து உள்ளங்கையில் உருட்டினேன். திரி வந்தது. நேற்று வந்த அதே திரி! பரப்பினோம், நனைத்தோம், உருளையை ஏற்றினோம். வெயில் இறங்க இறங்கத் தரை வெளுத்துக் காய்ந்தது. ராவுத்தர் லாரியில் வாய் வரைக்கும் சரளையை ஏற்றிக்கொண்டு, "பிஸ்மில்லா" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஊரே மூச்சை அடக்கி நின்றது. மாயாண்டி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சி அவர் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லாரி ஏறியது. போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. தரையில் டயரின் பூ வரிசை மட்டும் அச்சுக் குத்தியது போலப் பதிந்திருந்தது. ஒரு சரளை பெயரவில்லை. நான் குதித்தேன். நல்லவேளை, மேலே உத்திரம் இல்லை.

மேஜர் குனிந்து, பூட்ஸ் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தார். பிறகு பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர் என்னை அருகில் கூப்பிட்டார். விசாரணை என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மாயாண்டி அண்ணனையும் பேச்சியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிகக் கஷ்டப்பட்டு, ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தார்.

"நா-லுக்-கு ஒன்-னு."

அது அவருடைய நாலாவது தமிழ்ச் சொல். எவ்வளவு தூரம் புரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜீப் போய்விட்டது.

திடல் ஐப்பசிக்கு முன்னால் முடிந்தது. தூர் எடுத்த கண்மாய் அந்த மழையில் கரை தளும்ப நிறைந்தது. இனி நீங்கள் என்னிடம் கேட்பீர்கள்: இதில் பாடம் என்ன? ஒன்றுதான். சல்லடையும் பொய் சொல்லாது, திரியும் பொய் சொல்லாது. ஆனால் அவை உங்கள் கையிலிருக்கும் பிடி மண்ணைப் பற்றித்தான் பேசும். அந்தப் பிடி எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். அதிலும் நீங்கள் ஆசைப்பட்ட பதிலே வந்து நின்றால், துள்ளுவதற்கு முன்னால் மேசையில் நத்தை கிடக்கிறதா என்று பாருங்கள்.

மாயாண்டி அண்ணன் புஞ்சைக்கு என்ன பெயர் வைத்தேன் என்று சொல்லவில்லையே. 'குழைவு இல்லாத சரளை மணல். வேலைக்கு ஆகாது' என்று அறிக்கையில் எழுதினேன். காடு தப்பியது. இதைச் சந்தோசமாகப் போய்ச் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.  பிறகு, "ஆகாதுன்னா எழுதுனீக?" என்றார். குரலில் லேசான வருத்தம். "கொஞ்சம் பாத்து எழுதியிருக்கலாம்ல."

அடுத்த வருசம் நான் வேறு ஊரில் வேலையாக இருந்தேன். ஒருநாள் மதியம் மாயாண்டி அண்ணனும் பேச்சியும் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். அண்ணன் தோளில் ஒரு சாக்கு. அதை என் மேசையின்மேல், சல்லடைகளுக்கு நடுவில் கவிழ்த்தார். நிலக்கடலை. கொத்துக் கொத்தாக, ஒவ்வொன்றும் விரல் நீளம். இறுகாத மண்ணில்தான் கடலை அப்படி இறங்கி விளையும்.

"இந்த மண்ணையா ஆகாதுன்னு எழுதுனீக?" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஒரு வருசமாக அடக்கி வைத்திருந்த கேள்வி.

"கழுவாமத்தான் கொண்டாந்தோம்" என்றார் பேச்சி. "மண்ணையும் பாத்துக்கங்க."

கடலைத் தோடுகளில் செவல் மண் ஒட்டியிருந்தது. கை சும்மா இருக்குமா? சுரண்டி எடுத்து, சொட்டுத் தண்ணீர் விட்டு, உள்ளங்கையில் உருட்டினேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். திரி வரவில்லை. பொலபொலவென்று உதிர்ந்து மேசையில் விழுந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் பேச்சி.

நான் ஒரு கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். பதில் சொல்ல வாய் ஒழிவாக இல்லை.